‘நான் கூச்சப்படுற பாப்பா’

வாசகி கேள்வி:

மேடம், எனக்கு வயசு 32. ஆபீஸ்ல 12 பேர் டீம் என் பொறுப்புல இருக்கு. மீட்டிங்ல நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், தப்புன்னு பட்டா மேல இருக்கறவங்க முகத்துக்கு நேராவே தப்புன்னு சொல்லிடுவேன். ஆனா அம்மா வீட்டுக்குள்ள காலடி வச்ச அடுத்த நிமிஷம் நான் வேற ஆள். எங்க வீட்ல சின்ன வயசுல இருந்தே அக்கா வாயாடி, நான் கூச்ச சுபாவம், அப்படித்தான் சொல்லுவாங்க. இன்னிக்கும் அங்க யாராவது என்னைப் பாத்து ஏதாவது கேட்டா அக்காதான் பதில் சொல்றா, நானும் பேசாம உக்காந்திருக்கேன். போன வாரம் எங்க வீட்டுக்கு வந்த ஒருத்தங்க என் 4 வயசு மககிட்ட பேர் கேட்டாங்க. அவ என் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு ‘நான் கூச்சப்படுற பாப்பா’ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அந்த வார்த்தை என் வார்த்தை, நான்தான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அவளப் பத்தி அப்படி சொல்லிட்டிருந்தேன். எனக்கு ரெண்டு கேள்வி. ஆபீஸ்ல இருக்கறவளா, அம்மா வீட்ல இருக்கறவளா, இதுல நிஜமான நான் யாரு? இந்த ரெண்டு பேரையும் ஓரமா நின்னு பாத்துட்டு ஒரு மூணாவது ஆள் வேற இருக்கா, அவ யாருன்னும் தெரியல. ரெண்டாவது, என் பொண்ண நான் கெடுத்துட்டேனா?

பதில்:

வணக்கம்மா. ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா மத்தத நிம்மதியா படிக்க மாட்டீங்க. கெடுக்கல. 4 வயசுல ஒரு குழந்தை தன்னைப் பத்தி சொல்ற வாக்கியம் பென்சில்ல எழுதினது மாதிரி, அழிக்கலாம், மேல எழுதலாம், அவளே மறந்தும் போயிடுவா. ஆனா அது உங்க வார்த்தைன்னு நீங்க கண்டுபிடிச்சீங்க பாருங்க, அதுலதான் உங்க முதல் கேள்விக்கும் பதில் இருக்கு. ‘நான்’ங்கற ஒரு ஆள் எப்படி உருவாகுறாங்கறத உங்க வீட்டு ஹால்லயே நேர்ல பாத்துட்டீங்க, நாங்க எல்லாம் அத புத்தகத்துலதான் படிச்சோம்.

கொஞ்சம் ஆரம்பத்துல இருந்து வரேன். பொறக்கும்போது யாருக்கும் ‘நான்’ கிடையாது. நாலரை மாசத்துல குழந்தை தன்னோட பேரோட சத்தத்த மத்த பேர்கள்ல இருந்து பிரிச்சு கவனிக்க ஆரம்பிக்குதுன்னு 1995ல ஒரு ஆராய்ச்சி காட்டுச்சு, ஆனா அது தன் பேருன்னு தெரிஞ்சு இல்ல, அடிக்கடி காதுல விழுற, அன்பான ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணாடி முன்னாடி உக்கார வச்சா ஒரு வயசுக் குழந்தை எதிர்ல இருக்கறது வேற பாப்பான்னு நினைச்சு சிரிக்கும், தட்டும், சிலது பின்னாடி போய் தேடிப் பாக்கும். 1972ல பியூலா ஆம்ஸ்டர்டாம்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழந்தைங்க மூக்குல அதுங்களுக்குத் தெரியாம சிவப்பா ஒரு பொட்டு வச்சு கண்ணாடி முன்னாடி விட்டாங்க. ரெண்டு வயச நெருங்கற குழந்தைங்கள்ல பெரும்பாலானதுங்க கண்ணாடிய விட்டுட்டு தன் மூக்க தொட்டுச்சுங்க, அதவிட சின்னதுங்களுக்கு அது புரியல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கார்டன் கேலப் இதே மாதிரி சோதனைய சிம்பன்சிகளுக்கு செஞ்சாரு, அதுங்களும் கொஞ்ச நாள் கண்ணாடி பழகினதுக்கப்புறம் தன்னை அடையாளம் கண்டுக்கிச்சுங்க. இதுல நான் க்ளாஸ் எடுக்கும்போதெல்லாம் நின்னு சொல்றது அடுத்த வருஷம் அவரு செஞ்சதுதான். வேற சிம்பன்சிங்க கூட சேராம தனியா வளந்த சிம்பன்சிங்க முன்னாடி அதே கண்ணாடிய வச்சாரு, அதுங்களால தன்னை அடையாளம் காணவே முடியல. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணாடியும் அதே கண்ணாடிதான். தன்னை வேற ஒருத்தர் பாத்திருந்தாத்தான் தன்னைத் தானே பாக்கவும் முடியும் போலருக்கு.

ஆம்ஸ்டர்டாம் இன்னொண்ணையும் குறிச்சு வச்சிருந்தாங்க. தன்னை அடையாளம் காணுற வயசு வந்ததும் சில குழந்தைங்க கண்ணாடி முன்னாடி வெக்கப்பட ஆரம்பிச்சுதுங்க, முகத்த திருப்பிக்கிச்சுங்க, நெளிஞ்சுதுங்க. அதாவது வெக்கம்ங்கறது ‘என்னை யாரோ பாக்குறாங்க’ன்னு தெரிஞ்சாத்தான் வரும். உங்க பொண்ணு உங்க பின்னாடி ஒளிஞ்சது நோயும் இல்ல குறையும் இல்ல, அவளுக்கு உள்ள ஒரு ‘நான்’ வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுங்கறதுக்கு அடையாளம். அந்த ‘நானு’க்கு பேர் வைக்கற இடத்துலதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க.

இப்ப உங்க கதைக்கு வரேன். இதுக்கு சார்லஸ் ஹார்ட்டன் கூலிய விட்டா ஆள் கிடையாது. அமெரிக்காக்காரர், மிச்சிகன் யுனிவர்சிட்டில சமூகவியல் புரொபசரா இருந்தவரு. அவங்க அப்பா பெரிய நீதிபதி, ஊரே அறிஞ்ச ஆளு, இவரோ சின்ன வயசுல உடம்பு சரியில்லாத, யார்கூடயும் ஒட்டாத, ரொம்பக் கூச்சப்படுற பையன். (இவரு இந்த விஷயத்த யோசிச்சதுல ஆச்சரியம் இல்லன்னு எனக்கு எப்பவும் தோணும்.) 1902ல அவரு ஒரு விஷயம் சொன்னாரு, நாம எல்லாருமே மத்தவங்கள கண்ணாடியா வச்சுத்தான் நம்மள பாத்துக்கறோம்னு. அந்தக் கண்ணாடி மூணு படியா வேலை செய்யுது. முதல்ல ‘நான் இவங்க கண்ணுக்கு எப்படித் தெரியறேன்’னு கற்பனை பண்றோம். அப்புறம் ‘அதப் பாத்து இவங்க என்ன நினைப்பாங்க’ன்னு கற்பனை பண்றோம். மூணாவதா அந்தக் கற்பனையால ஒரு உணர்ச்சி வருது, பெருமையோ அவமானமோ. கூலி பேரச் சொல்லி இத எழுதறவங்க நிறைய பேர் முதல் ரெண்டு படியிலயும் இருக்கற ‘கற்பனை’ங்கற வார்த்தைய முழுங்கிட்டுப் போயிடுவாங்க, எனக்கு அதுதான் முக்கியம். மத்தவங்க நம்மள உண்மையில எப்படிப் பாக்கறாங்கங்கறத அவரு சொல்லவே இல்ல. எப்படிப் பாக்கறாங்கன்னு நாம நினைக்கறத மட்டும்தான் சொன்னாரு.

அந்த ஆளு தன் சொந்தக் குழந்தை ‘நான்’, ‘என்னுது’ன்னு எப்பலேர்ந்து சொல்ல ஆரம்பிக்குதுன்னு நோட்டு போட்டு குறிச்சு வச்சு 1908ல ஒரு கட்டுரையாவே வெளியிட்டாரு. யோசிச்சுப் பாருங்க, ‘நான்’ங்கற வார்த்தைய காப்பி அடிச்சு கத்துக்கவே முடியாது. பந்துன்னு அம்மா சொன்னா குழந்தையும் அதையே பந்துன்னு சொல்லலாம். ஆனா அம்மா ‘நான்’னு சொன்னா அது அம்மா, குழந்தை ‘நான்’னு சொன்னா அது குழந்தை. வார்த்தை ஒண்ணு, ஆள் வேற. அடுத்தவங்க இடத்துல இருந்து ஒரு செகண்ட் யோசிச்சாத்தான் அது பிடிபடும். அதனாலதான் நிறைய குழந்தைங்க ரொம்ப நாள் ‘பாப்பாக்கு வேணும்’னு தன் பேரையே மூணாவது ஆள் மாதிரி சொல்லிட்டிருக்கும். உங்க பொண்ணு சொன்ன வாக்கியத்துல ‘நான்’ அவளோடது, ‘கூச்சப்படுற பாப்பா’ உங்களோடது, ரெண்டையும் ஒட்டிட்டா, அவ்வளவுதான் நடந்தது.

உங்க அம்மா வீட்லயும் 28 வருஷம் முன்னாடி இதே ஒட்டு வேலைதான் நடந்திருக்கும், அங்க ஒரு அக்கா வேற இருந்தாங்கங்கறதுதான் வித்தியாசம். ஒரு வீட்டோட முதல் ரெண்டு பிள்ளைங்களுக்கு நடுவுல இது ரொம்ப சகஜம். ஒண்ணு இப்படின்னா இன்னொண்ணு அதுக்கு நேர்மாறுன்னு வீடே பிரிச்சு வச்சிடும், பிள்ளைங்களும் அதையே பிடிச்சுக்குங்க. ஃபிரான்சஸ் ஷாக்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1976லயே இதப் பத்தி எழுதியிருக்காங்க, அடுத்தடுத்து பொறந்த முதல் ரெண்டு பேர்தான் மத்த ஜோடிகள விட அதிகமா ‘நான் அவள மாதிரி இல்ல’ன்னு சொல்றாங்கன்னு. அக்கா முதல்ல பொறந்ததால ‘வாயாடி’ங்கற நாற்காலி ஏற்கெனவே போயிடுச்சு, மிச்சம் இருந்த நாற்காலில உங்கள உக்கார வச்சாங்க, நீங்களும் நல்ல பிள்ளையா உக்காந்துட்டீங்க. யாரும் வேணும்னு செய்யல. உங்க அம்மா பெருமையாகூட சொல்லியிருப்பாங்க, ‘சின்னவ இருக்கற இடமே தெரியாது’ன்னு. பாராட்டா வந்த லேபிள்தான் கழட்டறதுக்கு ரொம்ப கஷ்டம், திட்டா வந்திருந்தா பதினஞ்சு வயசுலயே எதுத்து சண்டை போட்டு தூக்கி எறிஞ்சிருப்பீங்க.

லேபிள்னு சும்மா சொல்லல. 1999ல சூசன் கெல்மன், கெய்ல் ஹேமன்னு ரெண்டு பேர் 5 வயசு, 7 வயசு குழந்தைங்ககிட்ட ஒரு சின்ன விஷயம் செஞ்சு பாத்தாங்க. ஒரு பொண்ணு நிறைய காரட் தின்பான்னு சொல்லிட்டு, சில குழந்தைங்ககிட்ட ‘அவ ஒரு காரட் தின்னி’ன்னு பேர் வச்சு சொன்னாங்க, மத்த குழந்தைங்ககிட்ட ‘கிடைக்கறப்பெல்லாம் காரட் தின்பா’ன்னு மட்டும் சொன்னாங்க. விஷயம் ஒண்ணுதான். ஆனா பேர் வச்சு கேட்ட குழந்தைங்க, அவ பெரியவளானாலும் அப்படியேதான் இருப்பா, வீட்ல யாரும் விடலேன்னாலும் அப்படித்தான் இருப்பான்னு அதிகமா நம்புச்சுங்க. செய்யறத சொன்னா அது இன்னிக்கு நடந்த விஷயம். ஆளுக்குப் பேரா வச்சுட்டா அது பொறவிக் குணம் ஆயிடுது. ‘இன்னிக்கு பேச அவளுக்கு கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு’, ‘அவ கூச்ச சுபாவம்’, ரெண்டையும் வாய்விட்டு சொல்லிப் பாருங்க, எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும்.

எல்லாமே வளப்புதான்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, அது பொய். ஜெரோம் கேகன்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 4 மாசக் குழந்தைங்க முன்னாடி புதுசா பொம்மைய ஆட்டி, புது சத்தம் போட்டு பாத்தாரு, அதுல 5ல ஒண்ணு கைய கால உதறி அழுதுச்சு, அந்த மாதிரி குழந்தைங்க பின்னால புது ஆள், புது இடம்னா தயங்கறது அதிகமா இருந்துச்சு. ஆக கொஞ்சம் உடம்போடயே வருது. அதே சமயம் அந்தக் குழந்தைங்கள்ல நிறைய பேர் வளந்ததும் ஒண்ணும் பயந்தாங்கொள்ளியா ஆகல. நீங்களும் உங்க பொண்ணும் அந்த 5ல ஒண்ணா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உடம்பு குடுத்தது மெதுவா தயங்கற ஒரு ஸ்டார்ட், அதுக்கு ‘நீ இப்படிப்பட்ட ஆளு’ன்னு பேர் வச்சதுதான் வீடு.

இப்ப கூலி சொன்ன அந்த ‘கற்பனை’க்கு திரும்பி வரேன், ஏன்னா உங்களுக்கு உபயோகமானது அங்கதான் இருக்கு. 1979ல ஷ்ராகர், ஷோனமன்னு ரெண்டு பேர் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாத்தாங்க. ஒருத்தர் தன்னைப் பத்தி நினைக்கறதும், ‘மத்தவங்க என்னை இப்படி நினைக்கறாங்க’ன்னு அவரு நம்பறதும் நல்லா ஒத்துப் போச்சு. ஆனா மத்தவங்க நிஜமாவே நினைச்சது கூட வச்சுப் பாத்தா அந்த அளவுக்கு ஒத்துப் போகல. அப்புறம் 1993ல கென்னியும் டிபாலோவும் இன்னும் ஒரு படி போனாங்க, மத்தவங்க நம்மள எப்படிப் பாக்கறாங்கன்னு நாம போடற கணக்குல பெரும் பங்கு அவங்க முகத்துல இருந்து வரல, நம்ம மனசுல நம்மளப் பத்தி ஏற்கெனவே இருக்கற படத்துல இருந்துதான் வருது. எல்லாரும் பொதுவா நம்மள எப்படி எடுத்துக்கறாங்கன்னு ஓரளவு தெரியும், ஆனா இன்னார் நம்மள எப்படிப் பாக்கறாங்க, அவங்கள விட இவங்க வித்தியாசமா பாக்கறாங்களான்னு கேட்டா பெரும்பாலும் சொதப்பிடுவோம்.

உங்க வீட்ல வச்சு யோசிங்க. ‘அக்கா என்னை இன்னும் வாயில்லாப் பூச்சின்னு நினைக்கறா, அதான் எனக்கு பதிலா பேசறா’ன்னு நீங்க நினைக்கறீங்க. அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு நீங்க கேட்டதே இல்லை, லெட்டர்ல ஒரு வரிகூட இல்ல. ஒருவேளை அவங்க ‘இவளுக்கு எங்கள எல்லாம் இப்ப பிடிக்கறதில்ல, பெரிய வேலைக்குப் போனதுல இருந்து வாயே திறக்கறதில்ல’ன்னு கூட நினைச்சிட்டிருக்கலாம். யாராவது கேள்வி கேட்டு நீங்க பேசாம இருந்தா, அந்த அமைதிய நிரப்பறது தன் வேலைன்னு அவங்க நினைக்கலாம், ஏன்னா ‘வாயாடி’ங்கற வேலைய அவங்களும் 4 வயசுலதான் வாங்கியிருப்பாங்க, அவங்களுக்கும் அதுல இருந்து லீவ் கிடைச்சதா தெரியல.

சரி, நிஜமான நான் யாரு. இந்தக் கேள்வி என்கிட்ட வர்ற லெட்டர்ல அடிக்கடி வரும், கூடவே ‘முகமூடி’ங்கற வார்த்தையும் வரும், நீங்க அத போடலேங்கறதுல எனக்கு சந்தோஷம். முகமூடின்னா உள்ள வேற ஒரு முகம் மாறாம உக்காந்திருக்குன்னு அர்த்தம் ஆயிடும். மனோதத்துவத்துல முன்னோடியான வில்லியம் ஜேம்ஸ் 1890லயே சொல்லிட்டாரு, ஒரு மனுஷனை எத்தனை பேர் அடையாளம் வச்சிருக்காங்களோ அத்தனை சமூக ‘நான்’கள் அவனுக்கு இருக்குன்னு. எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியல்காரர் ஸ்காட்லாந்து பக்கம் ஷெட்லண்ட் தீவுல ஒரு ஹோட்டல்ல உக்காந்து சமையல்கட்டுல ஒரு மாதிரியும் விருந்தாளிங்க முன்னாடி ஒரு மாதிரியும் நடந்துக்கற வேலைக்காரங்கள பாத்து, 1959ல வந்த புத்தகத்துல வாழ்க்கையே மேடையும் பின்கட்டும்தான்னு எழுதினாரு. எனக்கு அவரு எழுத்து பிடிக்கும், ஆனா அதப் படிச்சிட்டு ‘அப்போ நாம எல்லாரும் நடிகருங்கதானா’ன்னு மூஞ்ச தொங்கப் போட்டுட்டு வர்ற ஸ்டூடன்ட்ஸ நிறைய பாத்திருக்கேன், அதனால அத ரொம்ப இழுக்க மாட்டேன். ஆபீஸ்ல பேசறவளும் நீங்கதான், அம்மா வீட்ல பேசாதவளும் நீங்கதான். அம்மா வீட்டு ஆள 4 வயசுல கத்துக்கிட்டீங்க, ஆபீஸ் ஆள 25 வயசுக்கு மேல, ஒரு டீம் உங்க முகத்தப் பாத்து ‘இப்ப என்ன பண்ணலாம்’னு கேட்டுக் கேட்டு கத்துக்கிட்டீங்க. பின்னால வந்ததால ஆபீஸ் ஆள் போலி ஆயிடாது. முன்னாடி வந்ததால அம்மா வீட்டு ஆள் அசலும் ஆயிடாது.

ஓரமா நின்னு பாக்கற அந்த மூணாவது ஆள் இருக்காளே, எனக்கு உங்க லெட்டர்ல ரொம்பப் பிடிச்சது அவதான். ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் சிகாகோ யுனிவர்சிட்டில தத்துவப் பாடம் எடுத்தவரு, 1931ல செத்துப் போனாரு, அவரோட முக்கியமான புத்தகத்த அவரு எழுதவே இல்ல, ஸ்டூடன்ட்ஸ் எடுத்த க்ளாஸ் நோட்ஸ வச்சு 1934ல கொண்டு வந்தாங்க. அவரு சொன்னது, ஆளுக்குள்ள ரெண்டு பக்கம் ஓடுது. ஒண்ணு, மத்தவங்க எதிர்பாக்கறத உள்வாங்கி வச்சிருக்கற பக்கம், ‘சின்னவ அமைதி’, ‘லீடர்னா பேசணும்’ எல்லாம் அங்க சேந்திருக்கும். இன்னொண்ணு அதுக்கு பதில் குடுக்கற பக்கம், அந்தந்த நிமிஷம் வரைக்கும் அது என்ன செய்யப் போகுதுன்னு நமக்கே தெரியாது. முதல் தடவை மீட்டிங்ல ‘இது தப்பு’ன்னு சொன்னீங்களே, சொன்னதுக்கப்புறம்தானே நீங்களே அத கேட்டிருப்பீங்க? அதுதான். நின்னு பாக்கற பழக்கமும் தானா வர்றதில்ல, மத்தவங்க கண்ணு வழியா பாத்துப் பாத்து நாளாவட்டத்துல அந்தக் கண்ண நாமளே வச்சுக்கறோம். அவ எங்கயோ இருந்து வந்த வேற ஆளுன்னு பயப்படாதீங்க. ‘அந்த வார்த்தை என் வார்த்தை’ன்னு கண்டுபிடிச்சது அவதான்.

அம்மா வீட்டு விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பழைய லேபிள் வலிச்சாலும் அதுல ஒரு சொகம் இருக்கு. வில்லியம் ஸ்வான்னு ஒருத்தர் இதையே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணாரு, நம்மளப் பத்தி நாம வச்சிருக்கற படம் மோசமானதா இருந்தாக்கூட அத ‘ஆமா’ன்னு சொல்றவங்ககிட்டதான் போய் ஒட்டிக்கறோம்னு. 1992ல கல்யாணம் ஆனவங்ககிட்ட பாத்தப்போ, தன்னைத் தாழ்வா நினைக்கறவங்க, தன்னை அப்படியே தாழ்வா பாக்கற துணைகிட்டதான் அதிகமா பிடிப்போட இருந்தாங்க. உங்க விஷயம் அவ்வளவு கடுமையானது இல்ல, ஆனா அங்க போனா பேச வேணாம், முடிவு எடுக்க வேணாம், யாரையும் சமாளிக்க வேணாம்ங்கறது 12 பேர மேய்க்கறவங்களுக்கு ஒரு ரெஸ்ட்டுதான், இல்லையா? கொஞ்சம் உண்மைய சொல்லுங்க. அந்த அமைதில பாதி நீங்களா எடுத்துக்கறதுன்னா அத விட்டுடணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. பேசணும்னு இருக்கும்போது பேச முடியாம போற மீதிப் பாதிய மட்டும் மாத்துனா போதும்.

அதுக்கு பெருசா சண்டை எல்லாம் வேண்டாம். எனக்கு 56 வயசு, இத்தனை வருஷம் அடுத்தவங்க குடும்பத்துக்கு புத்தி சொல்லி பொழைக்கறேன், இன்னிக்கும் எங்க பெரியண்ணன் உள்ள வந்தா என் குரல் தானா ஒரு படி எறங்கும். நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், அவரு கேக்கறதுக்கு முன்னாடி நானா ஒரு விஷயத்த ஆரம்பிச்சிடுவேன். கேள்விக்கு பதில் சொல்றதுன்னா தொண்டை அடைக்கும், கேள்வி கேக்கறதுன்னா அடைக்காது. நீங்களும் அப்படி பண்ணிப் பாருங்க, போனதும் முதல் அஞ்சு நிமிஷத்துல நீங்களா யாரையாவது ஏதாவது கேளுங்க. ‘என்னடி இன்னிக்கு புதுசா’ன்னு யாராவது கேலி பண்ணுவாங்க, கண்டிப்பா பண்ணுவாங்க, ஒரு வீட்ல ஒருத்தர் நாற்காலிய நகத்தினா எல்லாரும் கொஞ்சம் நகரணும், அந்த எரிச்சல்தான் கேலியா வரும். அதுக்கு பதில் சொல்லாதீங்க, சிரிச்சிட்டு மறுபடி அடுத்த தடவையும் அதையே செய்யுங்க. ரெண்டு வாட்டில மாறாது. நாலஞ்சு மாசம் ஆகட்டும்.

பொண்ணு விஷயத்துல, லேபிள எடுக்கறேன்னு எதிர் லேபிள ஒட்டிடாதீங்க. ‘நீ கூச்சப்படுற பாப்பா இல்ல, நீ தைரியசாலி’ன்னு சொல்லிடுவீங்க, எல்லா அம்மாவும் முதல்ல அதத்தான் செய்வாங்க. அதுலயும் ஒரு குழி இருக்கு. குழந்தைங்ககிட்ட ‘உதவி செய்’யின்னு சொல்றத விட ‘உதவியாளரா இரு’ன்னு சொன்னா அதிகமா உதவுதுங்கன்னு 2014ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. 2018ல இன்னொரு குழு, உதவப் போய் அது சொதப்பினா என்ன ஆகுதுன்னு பாத்துச்சு, அப்போ ‘உதவியாளர்’னு பேர் வாங்கின குழந்தைங்கதான் சீக்கிரமா மனசு விட்டுப் போச்சுங்க. தைரியசாலின்னு பேர் வாங்கினவ அடுத்த தடவை பயந்து ஒளிஞ்சா அந்தப் பேரும் போச்சு, கூடவே அம்மா பொய் சொன்னாங்கங்கறதும் சேந்துக்கும்.

நடந்தத நடந்தபடி சொல்லுங்க போதும். யாராவது பேர் கேட்டு அவ ஒளிஞ்சா, நீங்க அவளுக்கு பதிலா பதில் சொல்லாதீங்க (உங்க அக்கா உங்களுக்கு செய்யறத ஞாபகம் வச்சுக்குங்க), ‘அவளுக்கு கொஞ்ச நேரம் ஆகும், அப்புறம் அவளே சொல்லுவா’ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திடுங்க. வந்தவங்க விடாம குனிஞ்சு குனிஞ்சு கேப்பாங்க, அவங்கள நீங்கதான் திசை திருப்பணும், நாலு வயசுக் குழந்தையால முடியாது. பத்து நிமிஷம் கழிச்சு அவ ஒரு பொம்மைய கொண்டு வந்து அவங்ககிட்ட காட்டினா அதப் பிடிச்சுக்குங்க. ராத்திரி படுக்கும்போது அதக் கதையா சொல்லுங்க, ‘அவங்க வந்தப்போ நீ என் பின்னாடி நின்னல்ல, அப்புறம் நீயா போய் அந்த பொம்மைய காட்டின, அவங்க என்ன சொன்னாங்க?’ன்னு. அவள பதில் சொல்ல விடுங்க. ராபின் ஃபிவுஷ்னு ஒரு ஆராய்ச்சியாளர் அம்மாக்களும் குழந்தைங்களும் நடந்து முடிஞ்ச விஷயங்கள எப்படிப் பேசிக்கறாங்கன்னு பல வருஷம் பாத்தாங்க, கேள்வி கேட்டு, விவரம் சேத்து, நீட்டி பேசற அம்மாவோட குழந்தைங்க பின்னால தன் கதைய தானே விவரமா சொல்ல கத்துக்குதுங்க. ‘நான் கூச்சப்படுற பாப்பா’ங்கற ஒத்த வரிக்கு பதிலா அவளுக்கு ஒரு முழுக் கதை கிடைக்கும், அதுல ஒளிஞ்சதும் இருக்கும், வெளிய வந்ததும் இருக்கும்.

இன்னொரு விளையாட்டு இருக்கு, இது மீட் சொன்னதுல இருந்து நான் திருடினது. குழந்தைங்க டீச்சராவும் டாக்டராவும் அம்மாவாவும் மாறி மாறி விளையாடறது சும்மா இல்ல, அடுத்தவங்க இடத்துல நின்னு தன்னைப் பாக்கப் பழகறதுங்கன்னு அவரு சொன்னாரு. வீட்ல அவ ‘வந்த ஆன்ட்டி’யா இருக்கட்டும், நீங்க ஒளியற பாப்பாவா இருங்க. உங்ககிட்ட அவ எப்படிப் பேர் கேக்கறா, நீங்க பதில் சொல்லலேன்னா என்ன பண்றான்னு பாருங்க. என்கிட்ட வந்த ஒரு குட்டிப் பொண்ணு ஆன்ட்டி வேஷத்துல, ‘சொல்லாட்டிப் போ, நான் உன் பக்கத்துல சும்மா உக்காந்துக்கறேன்’னுச்சு. அந்த வீட்டுப் பெரியவங்களுக்கு நான் குடுத்த அறிவுரைய விட அது எவ்வளவோ தேவலாம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஸ்கூல்ல மாசக்கணக்கா ஒரு வார்த்தை பேசாம வீட்ல மட்டும் நல்லா பேசறான்னா அது கூச்சம்னு விடாதீங்க, குழந்தைங்க மனநல டாக்டர்கிட்ட காட்டணும். உங்களுக்கும் அந்த மூணாவது ஆள் தூரமா போயி, உடம்பு உங்களோடது இல்லாத மாதிரி இருந்தாலோ, நடந்ததுல நடுவுல கொஞ்ச நேரம் ஞாபகமே இல்லாம போனாலோ நேர்ல யாரையாவது பாத்துடுங்க. உங்க லெட்டர்ல அப்படி ஒண்ணும் தெரியல.

அக்காவுக்கு ஒரு ஃபோன் போடுங்க. எல்லாரும் சேந்திருக்கும்போது வேண்டாம், தனியா. ‘என்கிட்ட யாராவது கேட்டா நீ ஏன்க்கா பதில் சொல்ற?’ன்னு சண்டைக்குப் போற மாதிரி இல்லாம, நிஜமாவே தெரிஞ்சுக்கற மாதிரி கேளுங்க. அவங்க சொல்ற பதில் நீங்க இத்தனை வருஷம் மனசுல எழுதி வச்சிருந்த பதிலாத்தான் இருக்கும்னு நான் நினைக்கல. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க.